இரண்டடித் தொட்டிக்கு உகந்த மீன்கள்

வேலூர்
19.01.2025

அன்புள்ள மச்சான் அங்கமுத்து அவர்களுக்கு,

சம்பந்தம் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் மாலா அக்காவும் வீட்டில் உள்ள மற்றவர்களும் உடல்நலத்துடன் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். எனக்குக் குறை ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் பிடித்த சளி மட்டும் இன்னும் முழுமையாக விலகவில்லை.

கடந்த பத்தாம் தேதி நானும் தங்கள் தங்கையும் சேர்ந்து மனு தாக்கல் செய்தபோது சமரச மையத்தில் ஏற்றுக்கொண்டபடி, ஞாயிறுதோறும் மாலையில் காவியா தங்கள் தொலைபேசியில் என்னோடு பேசி வருகிறாள். பெரியவர்களுக்கு இடையிலான செய்தி எதுவாயினும் கடிதமாக, தங்கள் பெயருக்கே எழுதப்பட வேண்டும் என்பதும் அதே ஏற்பாடுதான். தொலைபேசியில் பேசி, குழந்தையின் முன்னால் குரல் உயர்ந்ததே அதற்குக் காரணம் என்பது தாங்கள் அறிந்தது. அடுத்த விசாரணை ஜூலை 14. அன்று இருவரும் மறுபடி சம்மதம் தெரிவித்தால் திருமணம் சட்டப்படி முடிவுக்கு வரும். இக்கடிதம் அதைப் பற்றியது அன்று.

பிப்ரவரி 9 அன்று காவியாவுக்கு எட்டு வயது நிறைகிறது. என்ன வேண்டும் என்று கேட்டேன். மீன்தொட்டி என்றாள். பொன்னேரியில் பல் மருத்துவரின் அறையில் பார்த்தாளாம். "நீலமா கோடு எரியுதுப்பா" என்றாள். வாசலில் ஏரியை வைத்திருக்கும் வீட்டுக்கு மீன்தொட்டி அனுப்புவது நகைப்புக்கு இடமாகலாம். எனினும் கேட்டது குழந்தை. தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று கருதி, இரண்டடி நீளத் தொட்டி ஒன்றைப் பார்சலில் அனுப்பியுள்ளேன். ஐம்பது லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும். ஃபில்டர், விளக்கு, மூடி, மணல் எல்லாம் உடன் உள்ளன.

மீன்களைப் பற்றி ஒரு வாரமாகப் படித்தும் கடைக்காரர்களிடம் விசாரித்தும் வருகிறேன். தங்கமீன் வேண்டாம். பார்க்கச் சாதுவானது, ஆனால் கழிவு மிகுதி, வளர்ந்தால் இந்தத் தொட்டி போதாது. டைகர் பார்ப் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். ஃபைட்டர் தன் இனத்தையே பொறுக்காது. காவியா பார்த்த நீலக்கோடு நியான் டெட்ரா; கூட்டமாக வாழ்வது, ஆகவே ஆறு. அடியில் மேய்ந்து மிச்சத்தைத் தின்ன மூன்று கோரிடோரஸ். இந்த ஒன்பதுக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்து பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும். ஊற்றிய பின் ஃபில்டரை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனி போட்டு, நான்கு வாரம் மீனில்லாமல் விட வேண்டும். மீனின் கழிவு நீரில் விஷமாகும். அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் ஃபில்டரின் பஞ்சில் குடியேற அத்தனை நாள் பிடிக்கும். பொன்னேரிக் கடையில் சொல்லி வைத்துள்ளேன். மார்ச் 10 அன்று மீன்களைக் கொடுப்பார்கள். அதற்கு முன் எதையும் விட வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

காவியாவின் இருமல் நின்றதா என்று எழுதவும். எல்லோருக்கும் என் அன்பு.

தங்கள்
சம்பந்தம்


தோணிரேவு
11.02.2025

மாப்பிள்ளைக்கு அங்கமுத்து எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். காவியாவுக்கு இருமல் இல்லை. உங்கள் சளிக்கு நண்டு ரசம் வைத்துக் குடிக்கச் சொல்கிறாள் மாலா. அங்கே நல்ல நண்டு கிடைக்காது என்று நான் சொன்னேன்.

பார்சல் உடையாமல் வந்தது. பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ரேவில் இறங்கினால் ஊரே கூடிவிட்டது. ஜெரோம் கேட்கிறான்: "இன்னா அங்கமுத்து, ஏரில மீனு பத்தலன்னு வக்கீல் மாப்ள பொட்டில போட்டு அனுப்பிக்கிறாரா?" மாலா எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் தொட்டி மீனைக் கொழம்பு வெச்சா கரண்டில ஒட்டக்கூடக் காணாது" என்கிறாள். எனக்குப் பேஜாராகிவிட்டது. ஆனால் விளக்கைப் போட்டதும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஷோக்காகத்தான் இருக்கிறது.

பிறந்தநாள் அன்று தண்ணீர் ஊற்றினோம். உங்கள் கடிதத்தைக் காவியா சத்தமாகப் படித்தாள். நான்கு வாரம் என்று வந்ததும் தங்கச்சி சத்யா உள்ளேயிருந்து சொன்னாள்: "காத்திருன்னு எழுதாம அவுருக்குக் கடுதாசி முடியுமா?" கோபித்துக்கொள்ளாதீர்கள், அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

காவியா தினமும் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "மாமா, கண்ணுக்குத் தெரியாத பூச்சி வந்து குடியேறுதாம்" என்கிறாள். சரி, காத்திருக்கிறோம்.

இப்படிக்கு
அங்கமுத்து


வேலூர்
23.03.2025

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். சளி தீர்ந்தது, தாங்கள் அனைவரும் நலம் என்றே எண்ணிக்கொள்கிறேன். எண்ணிக்கொள்கிறேன் என்று எழுதக் காரணம், பிப்ரவரிக்குப் பின் தங்களிடமிருந்து கடிதம் இல்லை.

மார்ச் 10 அன்று மீன்களைக் கொடுத்துவிட்டதாகக் கடைக்காரர் தெரிவித்தார். 16ஆம் தேதி ஞாயிறு காவியாவிடம் மீன்களைப் பற்றிக் கேட்டேன். பள்ளியில் நடந்த ஓட்டப்பந்தயத்தைப் பற்றிச் சொன்னாள். இன்று மறுபடி கேட்டேன். "அப்பா, உனக்கு எத்தினி கேஸு இருக்கு?" என்றாள். அவள் இதற்கு முன் என் வழக்குகளின் எண்ணிக்கையில் அக்கறை காட்டியதில்லை.

நடந்தது எதுவாயினும் அப்படியே எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள்
சம்பந்தம்


தோணிரேவு
28.03.2025

மாப்பிள்ளைக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம். தொட்டியில் யாரும் சுகமில்லை. ஒன்பதும் போய்விட்டது. எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

நீங்கள் சொன்னபடிதான் செய்தோம். கடைக்காரர் சொன்ன மாதிரி மீனைப் பையோடு கால்மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு திறந்துவிட்டோம். நீலக்கோடு எரிய ஆறும் ஓடியதைப் பார்த்துக் காவியா கைதட்டினாள். மறுநாள் காலையில் இரண்டு டெட்ரா சாய்ந்து கிடந்தன. மற்றவை மேலே வந்து வாயைப் பிளந்தன. நான் என்ன நினைத்தேன் என்றால், நான்கு வாரமாகக் கிடக்கிற பழைய தண்ணீர், அதுதான் மூச்சு முட்டுகிறது. வியாபாரி வரும்வரை நண்டை உயிரோடு வைக்க நாங்கள் அன்றன்றைக்குத் தண்ணீர் மாற்றுவோம். அதே புத்தி. தொட்டியை மொத்தமாகக் கொட்டிவிட்டு, ஃபில்டர் பஞ்சை வெள்ளையாகிற வரைக்கும் கசக்கிப் பிழிந்து, ஏரித் தண்ணீரை ஊற்றினேன். மறுநாளும் அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் ஒன்றும் மிச்சமில்லை.

தொட்டி காலியாக இருந்தால் பிள்ளை அழுகிறாள் என்று நானே கடையில் நான்கு கப்பி வாங்கி வந்தேன். கூட இருக்கட்டும் என்று ஏரியிலிருந்து ஐந்து கீச்சான் குஞ்சும் பிடித்துவிட்டேன். உடம்பில் கறுப்புக் கோடு போட்ட அழகான மீன். சாயங்காலம் பார்த்தால் ஒரு கப்பிக்கும் வாலில்லை. "இன்னாண்ணா, மீனு புடிக்கிறவன் ஊட்லயே மீனுக்கு பாதுகாப்பு இல்லியா?" என்று சத்யா கேட்டாள். கப்பியும் பிழைக்கவில்லை, கீச்சானை ஏரியிலேயே கொண்டுபோய் விட்டேன்.

காவியா மூன்று நாளாக மீன் குழம்பைத் தொடவில்லை. தட்டைத் தள்ளிவிடுகிறாள். இந்த ஊரில் ஒரு பிள்ளை தயிர்ச் சோறு தின்கிறது என்று கேள்விப்பட்டால் சிரிப்பார்கள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது சத்யா சொன்னாள்: "எழுது, எழுது. பொறுமையா இருந்திருந்தா பொழச்சிருக்கும்னு பதில் வரும் பாரு. நைனாவுக்குப் பொறுமையா இருந்தேனே, சனிக்கிழமைக்கு. வியாழக்கிழமையே போயிட்டாரு." எங்களைப் பெற்றவர் போன அந்த வாரத்தை நீங்கள் மறந்திருக்கலாம் மாப்பிள்ளை. அவள் மறக்கவில்லை. எனக்கு உங்கள் மேல் வருத்தம் இல்லை என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை.

அங்கமுத்து


வேலூர்
05.04.2025

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. எல்லோரும் நலம் என்றதில் ஆறுதல்.

நிகழ்ந்ததை ஆராய்ந்ததில் எனக்குத் தோன்றுவது: நீர் முழுவதையும் மாற்றியதாலும் பஞ்சைக் கசக்கிக் கழுவியதாலும் நான்கு வாரமாகக் குடியேறிய நுண்ணுயிர்கள் அழிந்தன. கடல் கலக்கும் ஏரி நீரின் உப்பும் டெட்ராவுக்கு ஒவ்வாது. கீச்சான் பிற மீன்களின் செதிலையும் வாலையும் தின்னும் இயல்புடையது என்று பின்னர் படித்தேன். பொறுப்பு தங்களுடையது என்று நான் கூறவில்லை. நண்டுக்குச் சரியான முறை இதற்குப் பிழையானது, அவ்வளவே. முதல் நாளே இரண்டு மீன்கள் ஏன் சாய்ந்தன என்பதற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. பயணக் களைப்பாக இருக்கலாம்.

காவியாவின் மனம் ஆறியதும் மறுபடி முயலலாம். அதே ஒன்பது மீன்களை நானே அனுப்பி வைக்கிறேன். கோடை விடுமுறையில் அவள் என்னிடம் தங்கும் பத்து நாட்களுக்காக மே 3 அன்று அழைத்துச்செல்ல வருகிறேன்.

வியாழக்கிழமையைப் பற்றித் தாங்கள் எழுதியதையும் படித்தேன்.

தங்கள்
சம்பந்தம்


தோணிரேவு
19.04.2025

வழக்கறிஞர் திரு. சம்பந்தம் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே காவியா நன்றாக இருக்கிறாள். மீன் தின்ன ஆரம்பித்துவிட்டாள்.

கடிதம் அண்ணன் பெயருக்குத்தான் வர வேண்டும் என்று ஒப்புக்கொண்டோம். நான் உங்களுக்கு எழுதக் கூடாது என்று அதில் இல்லை. படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அதே ஒன்பது மீனை அனுப்ப வேண்டாம். முதல் நாளே இரண்டு ஏன் சாய்ந்தன என்று உங்களுக்கு விடை கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கிடைத்தது. எங்கள் கைபம்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, ஆரம்பாக்கத்தில் இறால் பண்ணைக்காரர்களுக்குத் தண்ணீர் பார்த்துச் சொல்லும் கடைக்கு அண்ணனிடம் கொடுத்து அனுப்பினேன். ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு. ஏரித் தண்ணீர் இப்போது அதற்குப் பல மடங்கு. உங்கள் டெட்ராவும் கோரிடோரஸும் உப்பே ஆகாத மீன்கள் என்று அந்தக் கடைக்காரர் சொன்னார். அண்ணன் தண்ணீர் மாற்றாமல் இருந்திருந்தாலும் செத்திருக்கும். அவன் ஒரு மாதமாகத் தன்னால்தான் போனது என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் இரண்டு பக்கம் எழுதினீர்கள். எந்த மீன், எத்தனை மீன், எத்தனை நாள், எவ்வளவு தீனி. "குழாய்த் தண்ணீர்" என்று எழுதினீர்கள். எங்கள் வீட்டில் குழாயே இல்லை. பத்து வருடம் மாப்பிள்ளையாக வந்துபோனவர். அந்தப் பம்பில் வாய் கொப்பளித்துவிட்டு முகத்தைச் சுளித்தவர். உங்கள் ஊர்த் தண்ணீர் எப்படி என்று ஒரு வரி கேட்கவில்லை.

மோலி என்ற மீன் உப்பைத் தாங்கும் என்றார் கடைக்காரர். கப்பியும் தாங்குமாம், மெதுவாகப் பழக்கினால். நான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் அண்ணியோடு ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கப் போகிறேன்; மத்தியானத்துக்கு மேல் எனக்கு நேரம் இருக்கிறது.

சத்யா


வேலூர்
25.04.2025

சத்யாவுக்கு,

சம்பந்தம் எழுதுவது. உடல்நலம் எப்படி என்று கேட்டுத் தொடங்குகிறேன். வெயிலில் ஏரியில் இறங்குவதாக எழுதியுள்ளதால் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

தாங்கள் எழுதியது சரி. பிழை என்னுடையது. அங்கமுத்து மச்சானிடம் இதைத் தாங்களே படித்துக் காட்டும்படி வேண்டுகிறேன்: அந்த ஒன்பதில் ஒரு மீனும் அவருடைய கைகளால் சாகவில்லை; நீரை அறியாமல் மீனைத் தேர்ந்தெடுத்தவனால் செத்தன.

இம்முறை பட்டியல் அனுப்பவில்லை. கேள்விகளை மட்டும் எழுதுகிறேன். பம்புத் தண்ணீரின் உப்பு ஆண்டு முழுவதும் ஒரே அளவா, மழைக்குப் பின் குறையுமா? தொட்டி இருக்கும் இடத்தில் வெயில் படுமா? மின்சாரம் எத்தனை மணி நேரம் நிற்கிறது? ஏரியில் பிடிபடுபவற்றில் கூட்டாளியைக் கடிக்காத சிறிய உயிர் ஏதேனும் உண்டா? தங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது.

நான் கேட்காமல் விட்ட கேள்விகள் மீன்தொட்டியோடு நிற்பவை அல்ல என்பதை அறிவேன். வழக்கு நிலுவையில் இருக்கும்போது அவற்றை எழுத்தில் வைப்பது இருவருக்கும் நல்லதா என்று யோசிக்கிறேன்.

மே 3 அன்று காலை வருவேன்.

சம்பந்தம்


தோணிரேவு
01.06.2025

வணக்கம். எல்லாரும் நன்றாக இருக்கிறோம். வெயில்தான் தாங்கவில்லை. உங்கள் ஊரில் இதைவிட மோசம் என்று செய்தியில் சொன்னார்கள்.

நீங்கள் காவியாவை அழைத்துப்போக வந்த அன்று நான் ஏரியில் இருந்தேன். வேண்டுமென்றுதான் போனேன்.

உங்கள் கேள்விகளுக்குப் பதில். மழைக்குப் பின் பம்பில் உப்பு குறையும், கோடையில் ஏறும். இப்போது முகத்துவாரம் மண்ணடித்து மூடிவிட்டதால் கடல் உள்ளே வருவதில்லை. ஏரி வற்றி உப்பாகக் கரிக்கிறது, பம்பும் கூடவே ஏறுகிறது. அதனால் வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மட்டும் எடுத்துவிட்டு, கேன் தண்ணீர் பாதி, பம்பு பாதி கலந்து ஊற்றுகிறேன். தொட்டியை ஜன்னலிலிருந்து தள்ளிவைத்தேன். மின்சாரம் மூன்று மணி நேரம்கூட நிற்கும். அப்போது காவியா கிண்ணத்தால் மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றுகிறாள். காற்று போகிறதாம்.

ஆண் மோலி ஒன்று, பெண் மூன்று. கப்பி ஐந்து. ஏரி ஓரத்துப் புல்லில் கண்ணாடி மாதிரி சின்ன இறால் இருக்கும், விரல் நகத்தளவு. அதில் பத்துப் பிடித்துவிட்டேன். யாரையும் கடிக்காது, மிச்சத் தீனியைப் பொறுக்கித் தின்னும். விளக்கு வெளிச்சத்தில் அதன் வயிறுகூடத் தெரிகிறது. இத்தனை வருடம் கூடை கூடையாகப் பார்த்திருக்கிறேன், ஒன்றை நின்று பார்த்ததில்லை. சென்ற வாரம் ஒரு மோலி குட்டி போட்டது. "அம்மா, அதோட கொழந்தையயே அது துன்னுது!" என்று காவியா கத்தினாள். குட்டிகள் ஒளிந்துகொள்ளப் புல்லைக் கட்டிப் போட்டோம். பதினொன்று பிழைத்திருக்கின்றன.

காவியா உங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னாள். "அப்பா ஊட்ல ஒரு தொட்டி இருக்கும்மா. மீனே இல்ல. தண்ணி மட்டும் ஓடுது. அப்பா தெனம் குச்சி வெச்சுப் பாத்து நோட்டுல எழுதுது." இங்கிருந்து இரண்டு கேன் பம்புத் தண்ணீர் எடுத்துப்போனதாக அண்ணனும் இப்போதுதான் சொல்கிறான். எதற்கு அது?

எழுத்தில் வைப்பது நல்லதா என்று யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். நான் யோசிக்கவில்லை, எழுதுகிறேன். போன வருடத்துக்கு முந்தின வருடம் தீபாவளிக்கு அப்புறம் பிரிந்துவிடலாமா என்று நான் கேட்டேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஒரே வாரத்தில் மனுவைத் தயார் செய்து மேசைமேல் வைத்தீர்கள். ஒரு எழுத்துப்பிழை இல்லை. நான் அன்றைக்குக் கேட்டது மனு இல்லை.

சத்யா


வேலூர்
08.06.2025

சத்யா,

நீயும் காவியாவும் மோலிக் குட்டிகள் பதினொன்றும் நலமாயிருக்க வேண்டும். நான் நலம்.

நீ எழுதிய வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

அந்தக் கேன்களில் உள்ளது உங்கள் வீட்டுப் பம்புத் தண்ணீர். அதில் மீன் வளர்க்கும் உத்தேசம் இல்லை. அதை அளந்து பார்க்கிறேன். எவ்வளவு உப்பு, எவ்வளவு கடினம், இந்த ஊர் நீரோடு கலந்தால் எப்படி மாறுகிறது என்று குறித்துவைக்கிறேன். எதையும் நிரூபிக்க அல்ல. பத்து ஆண்டுகளில் ஒரு முறையாவது தெரிந்துகொண்டிருக்க வேண்டியதை இப்போது தெரிந்துகொள்ள.

ஏன் என்று கேட்காதது உண்மை. கேட்டால் நீ பதில் சொல்வாய், அந்தப் பதிலில் உன் நைனா இருப்பார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மனு எழுதுவது அதைவிட எளிதாக இருந்தது. எனக்குத் தெரிந்த வேலை அது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் கோர்ட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "நைனாவுக்கு ரொம்ப முடியலயாம், நான் இன்னிக்கே போணும்" என்றாய். நான் கேட்டது: "டாக்டர் எழுத்துல ஏதாவது குடுத்திருக்காரா?" இதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. கடைசிக் கேள்வியும் இதுதான். பிறகு, காவியாவின் தேர்வு வெள்ளிக்கிழமை முடிகிறது, சனிக்கிழமை மூவரும் சேர்ந்து போகலாம் என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை மதியம் மச்சான் அழைத்தபோது நான் ஒரு வாய்தாவுக்காக நின்றிருந்தேன். அந்த வழக்கும் அன்று தள்ளிப்போனது. உன்னைத் தனியாக அனுப்பிவிட்டு, சனிக்கிழமை வரை குழந்தையை நான் பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்படி ஒரு வழி உண்டு என்பது அன்று என் மனத்தில் தோன்றவே இல்லை. இதற்கு என் தரப்பில் எதிர்வாதம் இல்லை.

இக்கடிதத்தை நீ எந்த இடத்திலும் காட்டலாம். இதுவரை எழுதிய கடிதங்களுக்கெல்லாம் நகல் வைத்திருக்கிறேன், இதற்கு வைக்கவில்லை.

ஜூலை 14 பற்றி உன்னிடம் கேட்கிறேன். அன்று என்ன நடக்க வேண்டும் என்று நீ விரும்புகிறாய்? என் விருப்பத்தை மறைத்துவிட்டு உன்னுடையதைக் கேட்பது நேர்மையல்ல, ஆகவே எழுதுகிறேன். சம்மதம் என்று மறுபடி சொல்ல எனக்கு மனம் இல்லை. நீ சொல்லச் சொன்னால் சொல்வேன்.

சம்பந்தம்


தோணிரேவு
02.07.2025

மாப்பிள்ளைக்கு அங்கமுத்து எழுதுவது. நாங்கள் சௌக்கியம். நீங்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. நான் படிக்கவில்லை, அவள் கொடுக்கவில்லை. நைனா விஷயத்தில் என்னிடம் மன்னிப்பு கேட்டு நீங்கள் தனியாக அனுப்பிய நான்கு வரி மட்டும் வந்தது. வைத்திருக்கிறேன். அதற்கு இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

"பதில் போட்டியா?" என்று சத்யாவைக் கேட்டேன். "போடறேன்" என்று சொல்லிவிட்டு ஃபில்டரைக் கழற்ற உட்கார்ந்துவிட்டாள். மாலா சும்மா இருப்பாளா? "அந்த மோட்டாரு இன்னா பாவம் பண்ணிச்சு, தெனம் கழட்டி மாட்டற? ஒண்ணு வர்றேன்னு எழுது, இல்ல வரமாட்டேன்னு எழுது" என்றாள். "அண்ணி, ரெண்டும் தெரியாதவ இன்னா எழுதுவா?" என்றாள் சத்யா.

தெரிந்ததை எழுதிவிட்டேன். மீன்கள் நன்றாக இருக்கின்றன. மழை ஒன்று பெய்தது.

அங்கமுத்து


தோணிரேவு
08.07.2025

உங்களுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறதா? இங்கே யாருக்கும் குறையில்லை. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன், சனிக்கிழமைக்குள் கிடைத்துவிடும்.

நைனா விஷயத்தை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எதிர்த்துப் பேசியிருக்கலாம், பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அதையும் சேர்த்துத்தான் உங்கள் கணக்கில் போட்டு வைத்திருந்தேன். நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று ஒரு வார்த்தை மாறாமல் உங்களுக்கும் ஞாபகம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. நான் மட்டும்தான் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன்.

ஜூலை 14 அன்று என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். நான்கு வாரமாக யோசித்தேன். முடிவைச் சொல்ல, மனுப் போட்ட நாளிலிருந்து பதினெட்டு மாதம் வரை சட்டம் இடம் தருகிறது என்று பொன்னேரியில் ஒரு வக்கீலம்மாவிடம் விசாரித்துக்கொண்டேன். நீங்கள் இதை எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் என்னை இழுத்துப்பிடிப்பதாக ஆகும் என்று நினைத்திருப்பீர்கள். சரிதானா என்று நேரில் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். சாப்பாடு இங்கேதான். அண்ணன் உங்களோடு சரியாகப் பேசமாட்டான், உட்கார்ந்து சாப்பிடுவான். ராத்திரி தங்கிவிட்டு, திங்கட்கிழமை காலை ஆறேகால் பஸ்ஸில் சேர்ந்தே கோர்ட்டுக்குப் போகலாம். காவியாவை அண்ணி பார்த்துக்கொள்வாள். அங்கே கூப்பிடும்போது என்ன சொல்லப் போகிறேன் என்று இன்றைக்கு எனக்குத் தெரியாது. உங்களிடம் பேசாமல் தெரியாது. திருப்பாலைவனத்தில் கூட்டம் ஏறும். அதுவரை பஸ் காலியாகத்தான் இருக்கும். ஆண்கள் பக்கம் போய் உட்காராதீர்கள். என் பக்கத்தில் இடம் போட்டு வைக்கிறேன்.

சத்யா